குத்தாலக் கோட்டையின் இருபத்து மூன்று குதிரைவீரர்கள்

வாப்பா,

உங்கள் மடிக்கணினிப் பையைத் திறந்ததும் ஏலக்காய் வாசம்தான் முதலில் வந்தது. பக்கவாட்டுப் பையில் நான்கைந்து காய்கள், தோல் வெளுத்துக் கிடந்தன. இருமல் எடுக்கும்போது ஒன்றை எடுத்துக் கடைவாயில் அடக்கிக்கொள்வீர்கள். நீங்கள் போய் இரண்டு சாரல் காலம் கழிந்து இது மூன்றாவது. மேற்கே மலை இருக்கும் இடத்தில் வெறும் மேகம்தான் இருக்கிறது. உம்மா மாடியில் துணியைப் போடுவதும், தூறல் விழுந்ததும் ஓடிப்போய் எடுப்பதுமாக இருக்கிறாள். இந்த ஈரத்தில் பை பூஞ்சை பூத்துவிடுமே என்றுதான் அலமாரியிலிருந்து எடுத்தேன்.

கணினி உயிர் பெறவில்லை. கோயில் வாசல் பக்கம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். கால்மணி நேரம் திருகாணிகளோடு மல்லுக்கட்டி எப்படியோ எழுப்பிவிட்டார்.

"தங்கச்சி, இது இன்னும் ரொம்ப நாள் தாங்காது. உள்ள வேணுங்கறத இப்பமே எடுத்து வச்சிக்கிடுங்க. போட்டோ கீட்டோ இருக்கும்லா?"

"போட்டோ ஒண்ணும் இல்லண்ணே. ஒரு போர் இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கேம்" என்றேன்.

"வாப்பா கேம் வெளாடுவாவளா! எங்க அப்பா மொபைல கையில எடுத்தாலே அம்மா சத்தம் போடுதா."

சிரித்தோம். வீட்டுக்கு வந்து, பதினாறு பேர் உட்காரலாம் என்று நீங்கள் பெருமையாக வாங்கி, நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிடும் அந்த மேசையில் கணினியை வைத்தேன். அதில் பார்த்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களுக்குத் தெரியாது என்று ஒன்பது வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்த ஒன்று.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம், நீங்கள் சாரலுக்கு லீவில் வந்திருந்தீர்கள். சார்ஜாவில் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்ப்பவருக்கு எதற்கு மறுபடியும் குளிர்ச்சி என்று உம்மா கேட்பாள். "அது மிசினு குளிரு. இது குத்தாலத்துக் குளிரு" என்பீர்கள். அன்று மூன்று பேரும் வீட்டிலேயே தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. குளிக்க விடவில்லை. ஐந்தருவிக்குப் போனால் அங்கேயும் கயிறு கட்டிவிட்டார்கள். எண்ணெய் வழியும் முகங்களோடு, காய்ந்த துண்டுகளோடு திரும்பி வந்தோம். வழியெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்று மதியம் வேறு வேலையில்லாமல் நான் விளையாடுவதைப் பின்னால் நின்று பார்த்தீர்கள். இரண்டு ராஜ்யங்கள், மந்திரவாதிகள், சிறகு முளைத்த சிங்கங்கள், காட்டுக்குள் பூதங்கள். ஒருவர் ஒரு அடி நகர்த்தினால் அடுத்தவர் ஒரு அடி நகர்த்த வேண்டும். அவசரமே இல்லாத விளையாட்டு. "இது யாளியில்லா? நம்ம கோயில் தூண்ல நிக்கே அது" என்று சிறகுள்ள சிங்கத்தைக் காட்டிச் சொன்னீர்கள். பிறகு, "எனக்கும் சொல்லிக் குடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். நான் கறாரான வாத்தியார். விளையாட்டோடு வந்த சிறு புத்தகத்தை முழுதும் படித்தவள். நீங்கள் தப்பு செய்தால் மௌஸைப் பிடுங்கிக்கொள்வேன்.

லீவு முடிந்து நீங்கள் போனபோது உங்கள் கணினியிலும் அதை ஏற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நமக்கு வெள்ளிக்கிழமை என்றால் போர். ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, உங்கள் அறையில் எல்லோரும் கட்டிலில் சாய்ந்திருக்கும் நேரத்தில் ஒரு அடி நகர்த்தி, அந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்புவீர்கள். நான் அதைத் திறந்து என் அடியை நகர்த்தித் திருப்பி அனுப்புவேன். வாரத்துக்கு ஒரு அடி. ஒரு கோட்டையை முற்றுகையிட்டால் முடிவு தெரிய ஒரு மாதம் ஆகும். கோப்புக்குக் கடவுச்சொல் வைக்கலாம் என்று நான் சொன்னபோது, "நமக்குள்ள என்னட்டி பூட்டு?" என்று கேட்டீர்கள்.

தொலைபேசியில் நீங்கள் எல்லா வாப்பாக்களையும் போல, சாப்பிட்டியா, படிச்சியா, உம்மாட்ட குடு என்பதோடு நிறுத்திவிடுவீர்கள். கோப்போடு வரும் இரண்டு வரிகளில் வேறு ஒருவராக இருந்தீர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புவீர்கள். "ராணிக்கு சலாம். ஒன் பூதம் ரெண்டும் எங்க ஆத்துல தண்ணி குடிக்கி. காவல் போட்டாச்சி. ஜாக்கிரதை." வரைபடத்தில் மலை மேல் இருந்த என் கோட்டைக்குப் பண்பொழி என்றும், அருவியோரம் இருந்த உங்கள் கோட்டைக்குக் குத்தாலம் என்றும் பெயர் வைத்தது நீங்கள்தான்.

சண்டை தொடங்கினால் திரையின் கீழ் மூலையில் இரண்டு சிறு படங்கள் வரும். ஒன்று வாள். அதை அழுத்தினால் கடைசி ஆள் வரை சண்டை. இன்னொன்று வெள்ளைக்கொடி. அழுத்தினால் கோட்டை எதிரிக்குப் போய்விடும், ஆனால் மிச்சமிருக்கும் வீரர்கள் உயிரோடு வெளியேறலாம். மூன்று அடிகளுக்கு எதிரி அவர்களைத் தொடரக்கூடாது. இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். சொல்லிக் கொடுக்கும்போதே, "இத யாரும் அமுக்க மாட்டாங்க வாப்பா, சும்மா வச்சிருக்காங்க" என்றும் சொன்னேன்.

நீங்கள் அழுத்தினீர்கள். தோற்பது உறுதி என்று தெரிந்த மறுகணம் கொடி. கோட்டை போகும், குதிரைவீரர்கள் வெளியே வந்துவிடுவார்கள். குதிரைப் படத்துக்குக் கீழே எண் இருக்கும். முதலில் முப்பது. பிறகு இருபத்தேழு. பிறகு இருபத்து மூன்றில் நின்றுபோனது, ஏனென்றால் அதற்கு மேல் ஒருவரையும் இழக்க நீங்கள் சம்மதிக்கவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த வயதில் நான் படித்த கதைகளிலெல்லாம் ராஜாக்கள் களத்தில் விழுந்து புகழ் பெற்றார்கள். கொடி காட்டியவர்களைப் பற்றி யாரும் அத்தியாயம் எழுதவில்லை. தொலைபேசியிலேயே கேட்டுவிட்டேன்.

"என்ன வாப்பா, ஒரு தடவையாவது சண்ட போடுங்களேன். இப்படி ஓடுனா எனக்கு ஜெயிச்ச மாதிரியே இல்ல."

"ஏட்டி, அந்த குதிரக்காரங்கள்ல ஒருத்தன் எங்க ரூம்ல இருக்க கொல்லத்துக்காரன். பேரு வச்சிருக்கேன். புள்ள பொறந்து எட்டு மாசமாச்சி, இன்னும் மொகம் பாக்கல. இன்னொருத்தன் கடையநல்லூர்க்காரன், தங்கச்சி கல்யாணத்துக்குப் போவணும். இவனுவள நான் எப்படிச் சாவக் குடுப்பேன்?"

"அது வெறும் நம்பர் வாப்பா!"

"நம்பர்தான். இருவத்து மூணு" என்று சிரித்தீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது உங்கள் கடைசிக் கோட்டையை முற்றுகையிட்டேன். அருவியோரக் கோட்டை, குத்தாலம். என் யானைகள், பூதங்கள், மந்திரவாதிகள் எல்லாம் வாசலில். நான் கோப்பை அனுப்பிவிட்டு அந்த வாரம் முழுதும் காத்திருந்தேன். இது கடைசிக் கோட்டை, இதற்காவது வாளை எடுப்பீர்கள் என்று நம்பினேன்.

வெள்ளிக்கிழமை கோப்பு வந்தது. திறந்தேன். கொடி. கோட்டைக் கதவு திறந்திருக்கிறது, இருபத்து மூன்று குதிரைவீரர்கள் வாசலில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்கிறார்கள். திரையின் நடுவே ஒரே ஒரு பொத்தான்: சரணை ஏற்றுக்கொள். அதை அழுத்தினால் ஆட்டம் என் பக்கம். ஆனால் நான் எதிர்பார்த்த வெற்றி அது இல்லை.

அழுத்தவில்லை. அந்தக் கோப்பை மூடினேன். முந்தின வாரம் நான் உங்களுக்கு அனுப்பியதன் நகல் என்னிடம் இருந்தது. பூட்டு இல்லாத கோப்பு. அதைத் திறந்து, உங்கள் முறையை நானே ஆடினேன். உங்கள் இடத்தில் உட்கார்ந்து வாளை அழுத்தினேன். பன்னிரண்டு சுற்றுகள். எண் இருபத்து மூன்றிலிருந்து பதினெட்டு, பதினொன்று, நான்கு என்று இறங்கியது. கடைசியில் குதிரைப் படமே மறைந்தது. அதைச் சேமித்து, ஒன்றும் நடக்காதது போல உங்களுக்கு அனுப்பினேன். "வெற்றி! வெற்றி!" என்று ஒரு வரி வேறு.

அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் எழுதிய பதில் எனக்கு மனப்பாடம்.

"ராணிக்கு சலாம். நான் கொடியத்தான் அமுக்குனேன்னு நெனைச்சேன். கை மாறி வாள அமுக்கிட்டேன் போல. குளிருல நின்னு நின்னு வெரலு சொன்னபடி கேக்க மாட்டேங்கி. நல்லா சண்ட போட்டிருக்கானுவோ நம்ம பயலுவ. ஒனக்கு வாழ்த்துகள்."

உள்ளே ஏதோ கொஞ்சம் குத்தியது. ஆனால் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதிதான் அதிகமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். மறு ஆட்டம் தொடங்கலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். பரீட்சை இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு நாம் விளையாடவே இல்லை.

அது முடிந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் எல்லோரையும் கூப்பிடச் சொன்னீர்கள். மாமா வந்திருந்தார். ஒலிபெருக்கியில் போட்டு மேசை நடுவே வைத்தோம்.

"வந்துரலாம்னு பாக்கேன். நெஞ்சுல சளி கட்டிக்கிட்டே இருக்கு. இங்கன குளிரு, வெளிய வந்தா அனலு. ஒடம்பு ஒத்துக்கிட மாட்டேங்கி" என்றீர்கள்.

மாமாதான் பேசினார். "மச்சான், இப்ப வந்து இங்கன என்ன செய்யப் போறிய? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்து பேப்பர் படிக்கப் போறியளா? ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க. பொறவு மரியாதையா வரலாம்."

நீங்கள் இருமுவது கேட்டது. பிறகு, "ராணி என்ன சொல்லுதா?" என்று கேட்டீர்கள்.

என் வகுப்பில் ஒருத்தியின் வாப்பா அப்படித் திரும்பி வந்திருந்தார். அவளைப் பற்றிப் பேசும்போது மற்றவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். நீங்கள் அப்படிப் பேசப்படக்கூடாது என்று நினைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் அப்படிப் பேசப்படக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

"ரெண்டு வருஷம்தானே வாப்பா" என்றேன்.

"ராணி உத்தரவு போட்டாச்சில்லா. சரி" என்று சிரித்தீர்கள்.

இரண்டு, நான்காயிற்று. நீங்கள் வந்து சேர்ந்தபோது பெட்டியை மாடிக்குத் தூக்க முடியவில்லை. படிக்கட்டில் பாதி வழியில், சுவரிலிருந்த நாட்காட்டியைப் படிப்பது போல நின்று மூச்சு வாங்கினீர்கள். ஒரே தாளை எவ்வளவு நேரம்தான் படிப்பீர்கள்.

அதற்குப் பின் மூன்று சாரல்கள் கிடைத்தன. ஐந்தருவிக்கு நாம் போகும்போதெல்லாம் நீங்கள் தண்ணீருக்குள் இறங்கவில்லை. அந்த வேகம் நெஞ்சில் விழுந்தால் மூச்சு அடைக்கும். "போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று எங்கள் துண்டுகள், செருப்புகள், உம்மாவின் வளையல்கள் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பீர்கள். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வரும்போது பார்ப்பேன். உங்கள் தலையில் எண்ணெய் மட்டும் பளபளக்கும். குளிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் கிளம்புவீர்கள்.

அந்தப் படியில் ஒரு நாள் கேட்டீர்கள். "ஏட்டி, நம்ம போர் என்ன ஆச்சி?"

"அதெல்லாம் பழசு வாப்பா. அந்த கம்ப்யூட்டரே இப்ப இல்ல."

"என்ட்ட இருக்கு" என்றீர்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு, பஜ்ஜி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீங்கள் வேறு பேச்சு எடுத்தீர்கள். அந்தச் சாரலும் முடிந்தது. அடுத்த சாரலுக்கு முன்பே, ஒரு காலைத் தொழுகைக்குப் பின் தொழுகைப் பாயிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், நான் தேநீர் கொண்டுவந்தபோது எழவில்லை.

இன்று உங்கள் கணினியில் 'ராணி' என்று ஒரு கோப்புறை இருந்தது. நாம் ஆடிய ஒவ்வொரு அடியும், வாரம் தவறாமல். அதற்குள் இன்னொரு கோப்புறை. ஆங்கில எழுத்தில், உங்கள் வழக்கப்படி, 'வீட்டுக்கு வந்தவங்க' என்று பெயர். உள்ளே ஏழு கோப்புகள். ஒவ்வொன்றும் நீங்கள் கொடியை அழுத்திய ஆட்டத்தின் நகல். முப்பது பேர், இருபத்தேழு பேர் என்று வந்து சேர்ந்தவர்களின் எண்ணையும் கோட்டையையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயராக வைத்திருந்தீர்கள். ஆறு சரண்கள் எனக்கு நினைவில் இருந்தன. ஏழாவதின் பெயரை இரண்டு முறை படித்தேன்.

'23 குத்தாலம்.'

எந்த நாள், எத்தனை மணிக்கு அந்த நகலை எடுத்து அங்கே வைத்தீர்கள் என்பதைக் கணினி குறித்து வைத்திருந்தது. விரல் சொன்னபடி கேட்கவில்லை என்று நீங்கள் எனக்கு எழுதிய அதே வெள்ளிக்கிழமை. அந்த மின்னஞ்சலுக்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்பு.

அந்த ஒரு மணி நேரத்தை இன்று முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அனுப்பியதைத் திறந்திருக்கிறீர்கள். வீரர்கள் ஒருவரும் இல்லை. நம்பமுடியாமல், நீங்கள் எனக்கு அனுப்பிய கோப்பைத் தேடித் திறந்திருக்கிறீர்கள். அதில் கொடி இருக்கிறது, இருபத்து மூன்று பேரும் வாசலில் நிற்கிறார்கள். விரல் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. மகள் என்ன செய்தாள் என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த நகலை எடுத்து, வீட்டுக்கு வந்தவர்களோடு சேர்த்து வைத்தீர்கள். அதன்பின் உட்கார்ந்து, குளிரின் மேல் பழியைப் போட்டு எனக்கு வாழ்த்துச் சொன்னீர்கள்.

ஏன் கேட்கவில்லை என்று நான் யோசிக்கத் தேவையில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் இரண்டு சொல்லியிருப்பேன். என்னைச் சுற்றி வளைக்க எல்லா வழியும் உங்கள் கையில் இருந்தது. நீங்கள் ஒரு கதவைத் திறந்துவிட்டு, நான் வெளியே போகும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு மட்டும் எங்கேயும் நகல் இல்லை. அதைத் திறந்து என் முறையை மறுபடி ஆட முடியாது. 'வாங்க வாப்பா' என்று சொல்ல ஒரு மூச்சுகூட ஆகியிருக்காது. கடைசிக் கோட்டையின் வாசலில் நின்றுகொண்டு நீங்கள் காட்டிய கொடி அது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். நான்தானே அதன் விதியைச் சொல்லிக் கொடுத்தவள். அன்று நான் சொன்னதற்காக என்னை நீங்கள் மன்னித்திருப்பீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் நாட்காட்டியைப் படித்துக்கொண்டு படிக்கட்டில் நின்ற அந்த முதுகு கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண், முடிக்காத வேலையை முடித்ததாகவும், அது கணினியில் அழிந்துவிட்டதாகவும் சொன்னாள். பொய் என்று பார்த்ததுமே தெரிந்தது. முகம் அப்படி வெளிறியிருந்தது. தோண்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன். "இருக்கும், பழைய மெசினுல்லா அது. நாளைக்குச் சேந்து செஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று எனக்கே விளங்கவில்லை. மறுநாள் காலையில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கியிருந்தாள். என் வாயில் வந்த அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிகிறது.

சாயங்காலம், தூறல் நின்றிருந்த நேரத்தில், ஏழாவது கோப்பைத் திறந்தேன். பழைய கணினி முனகிக்கொண்டே ஏற்றியது. அருவி முதலில் வந்தது, பிறகு கோட்டை, திறந்த கதவு. கொல்லத்துக்காரர், கடையநல்லூர்க்காரர், பெயர் தெரியாத மற்றவர்கள், இருபத்து மூன்று பேரும் வாசலில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அத்தனை வருடமாக அங்கேயே நின்றிருக்கிறார்கள். நடுவில் அந்தப் பொத்தான், என் முறைக்காகக் காத்துக்கொண்டு.

மாடியிலிருந்து உம்மா, "ஏளா, என்ன சத்தமே காணோம்? அழுதியா?" என்று கேட்டாள்.

"இல்ல உம்மா. வாப்பாவோட ஆட்டம். என் முறை" என்றேன்.

உம்மா இறங்கி வந்து, கையில் ஈரத் துணியோடு என் பின்னால் நின்றாள். நான் பொத்தானை அழுத்தினேன். குதிரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, அருவியோரப் பாதையில் நடக்கத் தொடங்கின. என் யானைகள் நகரவில்லை. உம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தாள். கடைசிக் குதிரை திரையின் ஓரத்தைக் கடந்ததும், "இருவத்து மூணு" என்றாள்.

எல்லோரும் வந்துவிட்டார்கள், வாப்பா.